இறங்காமல் போவதற்கு ஒரு நூற்றாண்டு

வேலைக்கு நடந்து போங்கள், சைக்கிளில் போங்கள், உடம்புக்கு நல்லது என்று நகரத்தில் இப்போது புதுசாகச் சொல்கிறார்கள். சேரிச் சனத்துக்கு இதில் என்ன புதுசு? கூலிக்காரனுக்குக் காலை விட்டால் வேற வண்டி எது இருந்தது? ஆனால் அந்த நடைகூட நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. வேலைக்குக் கிளம்புகிறவன் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தெரு வழியாப் போறது என்று கேட்க வேண்டியிருந்தது.

1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, புலையர் போகக்கூடாத பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கிய போராட்டமும் கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத்தான். 1925 கடைசியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் அடைபட்டே கிடந்தது. அதே 1924-ல் சென்னைச் சட்டசபையில் நம் பிரதிநிதிகள் பொதுவழி, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அரசு ஆணையும் வந்தது.

ஆணை காகிதத்தில் வந்தது. தெருவுக்கு வரவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் ஒன்று, ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வெயிலில் வேலைக்கு நடக்கிறவனுக்கு வேண்டியதே இந்த ரெண்டும்தான். மேலே சூடு, கீழே சூடு, நடுவில் அவன் உடம்பு. சாதி அப்படித்தான் அவனை நடக்கச் சொன்னது.

பிறகு சைக்கிள் வந்தது. வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முட்டி உரசி நம்ம பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். சீட்டில் ஏறி உட்கார்ந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சமமாகத் தலை நிற்கிறது. விடுவார்களா? ஊர்த்தெரு முனையிலேயே இறங்கு, செருப்பைக் கழற்று, வண்டிய உருட்டிக்கிட்டுப் போ, அந்த முனையில் ஏறிக்கோ என்றார்கள். வேண்டாமென்றால் சுத்துவழி. சுத்துவழியில் போனால் நேரம் போகும், நேரம் போனால் கூலி போகும்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நடந்து போகிறவன் பக்கத்துப் பண்ணையை விட்டு எங்கே போவான்? சைக்கிள் இருந்தால் பத்து மைல் தள்ளி செங்கல் சூளைக்கோ, மில்லுக்கோ, டவுன் வேலைக்கோ போய்விட்டு ராத்திரி வீடு திரும்பலாம். ஆண்டையிடம் கூலி பேச வாய் வரும்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிசு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 வாக்கில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது.

சைக்கிள் விஷயம் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சுதந்திரம் வாங்கி எழுபது வருசம் ஆகப்போகும் நேரத்தில் ஒரு நாடாளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது என்றால், தெரு எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

கணக்கிலும் நாம் இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு யார் எதில் போகிறார்கள் என்று அட்டவணை வெளியிட்டது. அதில் விவசாயக் கூலிகள் சேர்க்கப்படவில்லை. விடியலில் வரப்பு வழியே நடக்கிற சனம் யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே இந்த வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்தத் தெருவில் இறங்கினீர்கள்? எந்த வருசம் வரை? முதலில் இறங்க மாட்டேன் என்று பெடலை மிதித்துப் போனது யார்? அன்றைக்கு அவருக்கு என்ன நடந்தது? அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். இன்னும் இறங்கச் சொல்கிற தெரு இருந்தால் அதையும் எழுதுங்கள். அது வரலாறு இல்லை, வழக்கு.