கண்டிக்கோட்டை தரும் படிப்பினை

நம் இல்லங்களின் அடுக்களை மேடையிலே கரிய பலகைக்கல் பதித்திருக்கக் காண்கிறோம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இன்று எழும் புதுவீடாயினும், பாட்டனார் கட்டிய பழவீடாயினும் அக்கல்லுக்குக் கடப்பைக் கல் என்றே பெயர். கல்லை அறிந்த அளவுக்கு, அதனைத் தந்த நாட்டை நாம் அறிந்தோமில்லை. ஆந்திர மாநிலத்துக் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்னும் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஓர் ஆழ்ந்த மலைப்பிளவின் விளிம்பிலே கண்டிக்கோட்டை நிற்கிறது. அமெரிக்காவிலே கொலராடோ ஆறு குடைந்த பெரும்பள்ளத்தாக்கோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். அதன் எழிலைக் காண ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். எழிலோடு, முஸ்லிம் குடும்பங்கள் நின்று சிந்திக்க வேண்டிய வரலாறும் அங்கே உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு பிளந்த மலை

தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடைப் பிளவு; 'கோட்ட' என்றால் கோட்டை. பெயரே இடத்தின் இயல்பைக் கூறிவிடுகிறது. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியிலே தோன்றும் வடபெண்ணையாறு, 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூருக்கு அப்பால் கடலில் கலக்கிறது. அதே நந்தி மலைப் பகுதியிலே தோன்றித் தெற்கே திரும்பும் மற்றோர் ஆறுதான், நம் பாகூர் வயல்களுக்கு அருகே ஓடிக் கடலூரையொட்டிக் கடலடையும் தென்பெண்ணை. ஒரே மலையில் பிறந்த இரண்டனுள் ஒன்று நமக்கு நெல் தந்தது. மற்றொன்று மலையைப் பிளந்து அரசர்களுக்கு அரண் தந்தது.

எர்ரமலைத் தொடரின் செந்நிறப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளினும் பழையவை. ஆற்றுநீர் அவற்றைச் சிறிது சிறிதாக அறுத்து, ஏறக்குறைய முந்நூறு அடி ஆழத்துக்குச் செங்குத்தான சுவர்களை நிறுத்தியிருக்கிறது. அந்நாடு மழை குன்றிய வறண்ட நாடு. கோடையில் பாறை கொதிக்கும். ஆறு மணலாய்க் கிடக்கும். அரபு நாட்டார் 'வாதி' என்றழைக்கும் வறண்ட பள்ளத்தாக்கின் சாயலை அப்போது அங்கே காணலாம். ஆவணி, புரட்டாசியாகிய கார்காலத்திலோ மழை பெய்து வெப்பம் தணியும். புதர்கள் தளிர்க்கும், பிளவின் அடியிலே நீர் விளங்கும். காலாண்டு விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு ஏற்ற பருவம் அதுவே.

மீர் ஜும்லாவின் கோட்டை

கல்யாணிச் சாளுக்கியர் காலத்திலே இவ்வரண் எழுந்ததாக ஊர் வரலாறு கூறும். பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ்ப் பெம்மசானி நாயக்கர்கள் இதனை ஆண்டனர். மூன்று புறம் மலையும் பிளவும் காக்க, ஒருபுறமே மதில் தேவைப்பட்ட இக்கோட்டையை வெல்வது அரிதெனப்பட்டது.

அதனை வென்றவர், கோல்கொண்டா மன்னர் அப்துல்லாஹ் குதுப் ஷாவின் அமைச்சரான மீர் முகம்மது சயீத். வரலாறு அவரை மீர் ஜும்லா என்றழைக்கும். ஈரான் நாட்டு அர்திஸ்தானைச் சேர்ந்த அவர், எளிய நிலையிலே இந்தியா வந்து, வைர வாணிகத்தால் வளம் பெற்று, கப்பல்களுக்கு உடைமையாளராகி, அமைச்சராகவும் படைத்தலைவராகவும் உயர்ந்தார். கருநாடகப் படையெடுப்பின்போது, 1650 ஆம் ஆண்டிலே கண்டிக்கோட்டை அவர் வசமாயிற்று என்பர் வரலாற்றாசிரியர்.

இன்று கோட்டைக்குள் நுழைவோர் காணும் ஜாமிஆ பள்ளிவாசல் அக்காலச் சூழலின் நினைவுச் சின்னமாகும். வளைவுகள் தாங்கிய தொழுகைக் கூடமும், அகன்ற முற்றமும், இரு மினாராக்களும் கொண்ட அப்பள்ளி, பெரிய தானியக் களஞ்சியத்தின் அருகே நிற்கிறது. அதே மதிலுக்குள் மாதவராயர் கோயிலும் ரங்கநாதர் கோயிலும் நிற்கின்றன. பள்ளியைக் காணும்போது நம் உள்ளம் பூரிப்பது இயல்பு. அப்பூரிப்போடு மட்டும் திரும்பி வந்துவிடலாமா என்பதே வினா.

1652 செப்டம்பர்

இதே பருவத்திலே, 1652 செப்டம்பரில், பிரெஞ்சு நாட்டு வைர வணிகர் ழான் பத்தீஸ்த் தாவர்னியே கண்டிக்கோட்டைக்கு வந்தார். புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரர் குடியேறியது 1674 இல்; அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டார் இருவர் இக்கோட்டையில் சந்தித்துக் கொண்டனர். ஒருவர் தாவர்னியே. மற்றவர் பூர்ஷ் நகரத்துக் கிளோத் மாய்யே. மீர் ஜும்லாவிடம் பீரங்கி வார்க்கும் பணியேற்றிருந்தவர்.

1676 இல் வெளியான தம் பயண நூலிலே தாவர்னியே, மீர் ஜும்லாவின் ஆட்சித்திறனை வியந்து எழுதுகிறார். கூடாரத்திலே அமர்ந்து, கடிதங்களைக் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் இடையே செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாய் எடுத்து எழுத்தர்களுக்கு விடை சொல்வாராம். வழக்குகளை நீட்டிக்காமல் அன்றன்றே தீர்ப்பாராம். இவற்றைப் படிக்கும் நாம் மகிழ்கிறோம்.

ஆனால் அதே நூல் மற்றொன்றையும் கூறுகிறது. பீரங்கி வார்க்கச் செம்பு வேண்டியிருந்தது. அதற்காகக் கோயில்களிலிருந்து செப்புத் திருமேனிகள் திரட்டப்பட்டன, பல உருக்கப்பட்டன. கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு திருமேனிகளை மட்டும் உருக்க இயலவில்லை. அர்ச்சகர்கள் மந்திரம் செய்து தடுத்தனர் என்று ஐயுற்று, மீர் ஜும்லா அவர்களை அச்சுறுத்தினார். முடிவு என்ன? மாய்யே ஒரு பீரங்கியைக்கூட உருப்படியாக வார்க்கவில்லை. ஒன்று வெடித்தது, மற்றொன்று குறையாய் நின்றது, மாய்யே வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று தாவர்னியே முடிக்கிறார்.

நம்மவர் செயலும் நம் மார்க்கமும்

இச்செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, மறைக்கலாமா? மறைக்கவே பலர் விரும்புவர். அன்னியர் நம்மைப் பழிக்க இடமாகுமே என்பது அவர்தம் அச்சம். ஆயினும், நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியிலே உறுதியாய் நின்று சாட்சி பகருமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. பெற்றோர்க்கே விலக்கில்லாதபோது, முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அமைச்சருக்கு விலக்கு ஏது?

ஜெரூசலம் நகரம் வசமானபோது, கலீபா உமர் (ரலி) அங்குள்ள தேவாலயங்களுக்குப் பாதுகாப்பு அளித்தார்கள் என்பதை மதரஸா மாணவனும் அறிவான். பிறர் வணங்குவனவற்றைத் திட்டுவதும் தடுக்கப்பட்ட மார்க்கம் நம்முடையது. அந்த அளவுகோலால் அளந்தால், கண்டிக்கோட்டையிலே நிகழ்ந்தது அரசியல்; படைபலத்தின் பசி. வார்க்க வந்தவர் கிறிஸ்தவர். வார்க்கச் சொன்னவர் முஸ்லிம். இருவரையும் இணைத்தது பீரங்கியேயன்றி வேதமன்று. இதனைச் சொல்வதால் அச்செயல் நியாயமாகிவிடாது. ஓர் அமைச்சரின் குற்றத்தை மார்க்கத்தின் மீது ஏற்றுவதும் நீதியன்று. மார்க்கத்தின் பெயரால் அக்குற்றத்தை மூடுவதும் நீதியன்று.

மீர் ஜும்லாவின் முடிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்மை உயர்த்திய மன்னரோடு பிணங்கி, 1656 அளவில் முகலாயர் பக்கம் சேர்ந்தார். வங்காளத்தின் ஆளுநரானார். அசாம் படையெடுப்பிலே நோயுற்று, திரும்பும் வழியில் 1663 இல் காலமானார். வைரங்களைப் பைபையாய் வைத்திருந்தவரின் அடக்கத்தலம், கண்டிக்கோட்டைக்கு வெகு தொலைவில், அசாம் எல்லையிலுள்ள மான்கச்சர் குன்றின் மேல் இருக்கிறது.

கோட்டையும் கைமாறியவண்ணமே இருந்தது. முகலாயர்க்குப் பின் கடப்பை நவாபுகள் ஆண்டனர். 1750 இல் செஞ்சியருகே நாசிர் ஜங்கைக் கொல்லச் சதி செய்தவர்களுள் கடப்பை நவாபும் ஒருவர். அச்சதியால் புதுச்சேரியிலே டூப்ளே மகிழ்ந்து விழாக் கொண்டாடினார். அடுத்த ஆண்டே, அவர் ஆதரித்த முசபர் ஜங்கும் அதே நவாபுகளோடு நேர்ந்த போரிலே மடிந்தார். பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான். இறுதியாக 1800 இல் அந்நாடு கும்பினியார் கைக்குச் சென்றது.

எவ்வாறு காண்பது?

பாழடைந்த ஊர்களைக் காணும் முறையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு, தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து வாழ்ந்த ஹிஜ்ர் பள்ளத்தாக்கைக் கடந்தபோது, அநீதியிழைத்தோரின் இருப்பிடங்களுள் அழுதவர்களாகவேயன்றி நுழைய வேண்டாமெனத் தோழர்களுக்கு அறிவுறுத்தி, விரைந்து சென்றார்கள். அவ்விடம் 2008 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, இன்று பயணிகள் நாடும் தலமாயுள்ளது.

கண்டிக்கோட்டை ஸமூதின் ஊரன்று. அங்கே இறைவேதனை இறங்கியதென்று கூற நமக்கு உரிமையுமில்லை. ஆனால் பார்வை ஒன்றே. பூமியிலே சுற்றி வந்து முன்னோரின் முடிவைக் கவனிக்குமாறு திருமறை பலமுறை வலியுறுத்துவது வேடிக்கைக்காகவன்று; இப்ரத் எனும் படிப்பினைக்காக.

ஆகவே அங்கே செல்லும் குடும்பத்தார் பிளவின் விளிம்பிலே பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கட்டும். அங்கே தடுப்பில்லாத இடங்கள் உண்டு. ஜாமிஆ பள்ளியைக் காட்டி அதனைக் கட்டியோரின் கலைத்திறனைக் கூறட்டும். பிறகு அதே கையைப் பற்றி மாதவராயர் கோயிலின் முன் அழைத்துச் சென்று, உருக்கப்பட்ட செம்பின் கதையையும் ஒளிக்காமல் கூறட்டும். வகுப்பறையிலோ தெருவிலோ பிறர் வாயால், பகையோடு கலந்து அதனைக் கேட்பதினும், தாய் தந்தையர் வாயால் நீதியோடு கேட்பது அப்பிள்ளைகளுக்கு நன்று. உண்மையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை, வெளியிலே தலைகுனியவும் மாட்டான். பிறரைத் தலைகுனிய வைக்கவும் மாட்டான்.

வல்ல இறைவன் நம் மக்களுக்கு நீதியுள்ள பார்வையை அருள்வானாக!