வதிவிடம் அறிவிக்கும் கடமை

தண்டனை முடிந்து வெளியேறியவர் எங்கு வாழ்கின்றார் என்பதை அரசு அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்து எவ்வாறு சட்டமாக வளர்ந்தது என்பதை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநில வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

1930களில் கொள்ளைக் கூட்டத்தாரின் நடமாட்டத்தை அடக்கக் கருதிய அமெரிக்க நகரங்கள் சில, குற்றத்தீர்ப்புப் பெற்றோர் தம் பெயரையும் வதிவிடத்தையும் பொலிசாரிடம் பதிதல் வேண்டுமென விதித்தன. 1947இல் கலிபோர்னியா, பாலியற் குற்றவாளிகளுக்கென மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் பதிவுச் சட்டத்தை இயற்றியது. அத்தகைய மாநிலச் சட்டங்களுள் அதுவே முதலாவது.

இக்கடமையை அறியாதவரைத் தண்டிக்கலாமா என்ற வினா விரைவில் எழுந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரவிதியின்படி, பாரதூரமான குற்றத்திற்காகத் தீர்ப்புப் பெற்ற எவரும், அந்நகரில் ஐந்து நாட்களுக்கு மேல் தங்கின் பதிவு செய்தல் வேண்டியிருந்தது. போலி ஆவணக் குற்றத்திற்காகத் தீர்ப்புப் பெற்ற லாம்பெர்ட் என்னும் பெண், ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்தும் பதிவு செய்யவில்லை. அவருக்கு 250 டொலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. 1957இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. கடமையை அறியவும் அறிய முயலவும் வாய்ப்பில்லாத ஒருவரை, வாளாவிருந்தமைக்காக மட்டும் தண்டித்தல் நீதியன்று என்பதே அதன் முடிவு.

1989இல் மினசோட்டா மாநிலத்திலே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டமை பெற்றோர் உள்ளங்களை உலுக்கியது. அதன் விளைவாக 1994இல் எழுந்த சமஷ்டிச் சட்டம், மாநிலங்கள் யாவும் பதிவேடு வைத்திருக்கத் தூண்டியது. விடுதலை பெறுவோருக்குக் கடமையை எடுத்துரைத்து அவர்தம் ஒப்பத்தைப் பெறுதலையும் அது வேண்டிற்று. 2006ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டமோ, வதிவிடம் மாறின் மூன்று வேலை நாட்களுள் நேரில் அறிவித்தல் வேண்டுமென்றது.

அறியாமை என்னும் இடர் இவ்வாறு குறைய, வேறோர் இடர் தோன்றிற்று. அதே 2006இல் கலிபோர்னிய வாக்காளர், பாலியற் குற்றவாளிகள் பாடசாலைக்கோ சிறுவர் கூடும் பூங்காவிற்கோ 2,000 அடிக்குள் வசிக்கலாகாது எனும் விதியை ஏற்றனர். சான் டியாகோ மாவட்டத்திலே, நிபந்தனையுடன் விடுதலை பெற்ற பாலியற் குற்றவாளிகளுக்கு வாடகை வீடுகளுள் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டவை இதனால் அடைபட்டன. பலர் வீடின்றித் தெருவிற்கு வந்தனர். வீடற்றவரோ முப்பது நாட்களுக்கு ஒருமுறை பொலிசாரிடம் மீளப் பதிதல் வேண்டும். அம்மாவட்டத்தில் அத்தகையோர் அனைவர்மீதும் இத்தடையை ஒரே வகையாகச் சுமத்தியது செல்லாதென 2015இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அவர்களைக் கண்காணிக்கும் பணிக்கே ஊறு விளைத்தது என்பதையும் மன்றம் சுட்டிற்று.

வாழ்நாள் முழுவதும் பதிதல் வேண்டுமென்றிருந்த கலிபோர்னிய முறையும் 2021இல் தளர்ந்தது. குற்றத்தின் தன்மைக்கேற்பப் பத்தாண்டு, இருபதாண்டு, ஆயுட்காலம் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன.

சிறுவரைக் காத்தல் அரசின் தலையாய கடன் என்பதில் ஐயமில்லை. எனினும், அக்கடனை ஆற்றுதற்குத் தண்டனையின் கடுமை மாத்திரம் போதாது. கடமையை அறியாதவரும், அறிவிக்க ஒரு வீடில்லாதவரும் பதிவேட்டின் கண்ணுக்கு எட்டாது போவர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.