விழுங்கிய 2,374 பொருட்கள்!

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முட்டர் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இழுப்பறைகளில் ஊக்கு, பட்டன், நாணயம், எலும்புத் துண்டு, குட்டி பொம்மை என்று 2,374 பொருட்கள். எல்லாமே மனிதர்களின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கியிருந்தவை! சேகரித்தவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன் (1865-1958).

இவருக்கு முன்பே முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் டாக்டர் குஸ்மால் நேரான ஒரு குழாயைத் தொண்டை வழியாக இறக்கிப் பார்த்தார். அதை முதலில் விழுங்கிக் காட்டியவர் யார் தெரியுமா? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர்! 1897-ல் அதே ஊரில் டாக்டர் கில்லியன், ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டைக் கத்தி வைக்காமல் எடுத்தார். ஜாக்சன் குழாயின் நுனியில் சின்ன பல்பைப் பொருத்தினார். திறந்த ஊக்கை உள்ளேயே மூடி, குத்தாமல் வெளியே எடுக்கவும் வழி கண்டுபிடித்தார்.

ஆனால் அவரை அதிகம் வாட்டியது ஊக்கு அல்ல, காஸ்டிக் சோடா. சோப்பு செய்யவும் சாக்கடை அடைப்பு நீக்கவும் வீடுகளில் வாங்கி வைத்திருப்பார்கள். பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் வாயில் போட்டால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். அப்படித் தண்ணீர்கூட இறங்காமல் தவித்த ஒரு சிறுமி, சிகிச்சைக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் கையில் முத்தமிட்டாளாம்.

அந்த டப்பாக்களில் 'விஷம்' என்ற ஒரு வார்த்தைகூட இருக்காது. பொருளை விற்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்று ஜாக்சன் பல வருடங்கள் போராடினார். 1927-ல் சட்டம் வந்தது. டப்பாவின் மேல் எச்சரிக்கையும் முதலுதவியும் அச்சிடுவது கட்டாயமானது.

கதை முடிந்ததா? இல்லை. ரிமோட், பொம்மை, எடை மெஷினில் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் பாயும். அங்கே உருவாவதும் அதே காரம்தான்! இரண்டே மணி நேரத்தில் கடுமையாக வெந்துவிடலாம். 2020-ல் இப்படி ஒன்றரை வயதுக் குழந்தை இறந்த பிறகுதான், பேட்டரி மூடியைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்யச் சொல்லும் 'ரீஸ் சட்டம்' 2022-ல் அமெரிக்காவில் வந்தது.

சட்டம் வருவதற்குள் ஒரு உயிர் போய்விடுகிறது. ஆகவே நண்பர்களே, இன்றைக்கே வீட்டு ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். மூடி ஆடினால் சரிசெய்யுங்கள். குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், 'தானாக வந்துவிடும்' என்று காத்திருக்காமல், உடனே எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.