குலவரலாற்றுச் சான்றுகளும் பொது நூலகமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

நாட்டு வரலாறு அரசர்தம் வரலாற்றோடு முடிந்துவிடுவதன்று. ஊர்களின் வரலாறும் அவ்வூர்களில் வாழ்ந்த குடிகளின் வரலாறும் சேர்ந்தவழியே அது நிறைவெய்தும். இவ்வுண்மையை ஆராய்தற்குக் கம்பம் பள்ளத்தாக்கு ஏற்ற நிலைக்களனாகும். சுருளிமலையின் அடிவாரத்துச் சுருளிப்பட்டி போலும் சிற்றூர்களும், கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய பெரிய ஊர்களும் கொண்ட இந்நிலப்பகுதியிற் கிடைக்கும் குலவரலாற்றுச் சான்றுகள் யாவை, அவற்றைக் காத்தற்குரிய இடம் எது என்பனவே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

வம்ச வரிசையைப் பொறித்துவைக்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று. பாண்டியன் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடுகள், வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உடையனவாய், அவன் முன்னோர் வரிசையைக் கூறுகின்றன. இவற்றை வேள்விக்குடிச் செப்பேடுகளோடு ஒப்புநோக்கியே அறிஞர் இடைக்காலப் பாண்டியர் வழிமுறையை வகுத்தனர். ஒரு மரபுவரிசை தனித்து நின்று தெளிவு தருவதில்லை. பிறிதொன்றோடு வைத்து ஒப்பிட்ட பின்னரே அதன் மெய்யும் மிகையும் புலப்படும். குலவரலாற்றுச் சான்றுகளைத் தொகுப்போர் முதற்கண் மனங்கொள்ளத்தக்கது இதுவேயாகும்.

பாளையப்பட்டுகளின் காலத்தே இவ்வழக்கம் 'வம்சாவளி' என்னும் வடிவம் பெற்றது. 1815-ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை நில அளவையாளராக அமர்ந்த காலின் மெக்கன்சி, தம் உதவியாளர் வாயிலாக ஊர் வரலாறுகளையும் பாளையக்காரர் வம்சாவளிகளையும் திரட்டினார். அவர் 1821-இல் மறைந்தார். அத்தொகுதியின் தென்னாட்டுப் பகுதி சென்னையை அடைந்து, 1869-இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம்பெற்றது. பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் அந்நூலகத்தின் வாயிலாக அச்சேறின. ஒரு பொது நூலகம் காத்ததனாலன்றோ அவை இன்று நம் கைக்கு எட்டுகின்றன!

எனினும் வம்சாவளிகளை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. நில உரிமையையும் காவல் உரிமையையும் கோயில் முதன்மரியாதையையும் நிலைநாட்டும் நோக்கோடு எழுந்தவை அவற்றுட் பல. வென்றோர் பெயர் விரிந்தும் தோற்றோர் பெயர் சுருங்கியும் வருதல் இயல்பு. மகளிர் பெயரோ பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஏர்பிடித்த குடிகள், மலையேறித் தோட்டத் தொழில் செய்த குடிகள் ஆகியோர் வரலாறு பாளையக்காரர் ஏட்டில் இடம்பெற்றதில்லை.

ஆயின் எளியோர் பெயரும் நிலைபெறக் கூடும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று பகர்கின்றது. 2006-ஆம் ஆண்டில் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்த ஒருவன் பெயரையும் அவனது ஊரையும் கூறுகின்றது. அவன் வேந்தனல்லன்; எனினும் அவன் ஊரார் நட்ட கல் ஈராயிரம் ஆண்டளவாக அவன் பெயரைக் காத்துள்ளது. அக்கல்லின் பணியை இன்று செய்யவேண்டுவது எது?

1895-இல் பெரியாற்று நீர் மலையைக் கடந்து இப்பள்ளத்தாக்கிற் பாய்ந்த பின்னர் உழவும் குடியேற்றமும் மாறின. அம்மாற்றத்தை வீடுதோறும் உள்ள கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினை ஓலைகள், கோயிற் கணக்குகள், மொய்ப் புத்தகங்கள் ஆகியவற்றால் அறியலாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாய் வழங்கும் பகுதியாதலின், குடிபெயர்ந்து வந்த கதைகளும் குலதெய்வ வழிபாட்டு மரபுகளும் வாய்மொழியாய் உலவுகின்றன. பழைய வீடு இடிபடும்போது பரணில் உள்ள கட்டு குப்பையிற் சேர்கின்றது. முதியோர் மறையுங்கால் வாய்மொழி உடன் மறைகின்றது.

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமையவும், சொத்துவரியோடு நூலகவரி தண்டவும் அது வழிவகுத்தது. அச்சுநூல்களைக் கன்னிமாரா நூலகமும், அரசு ஆவணங்களை ஆவணக் காப்பகமும், ஏட்டுச்சுவடிகளைக் கீழ்த்திசை நூலகமும் காக்கின்றன. குடும்ப ஆவணங்களுக்கோ இம்மூன்றனுள்ளும் இயல்பான இடம் இல்லை. மக்கள் தரும் வரியால் நடைபெறும் மாவட்ட, கிளை நூலகங்களே அவ்விடத்தை நிரப்புதற்கு உரியன.

அங்ஙனம் தொகுக்குங்கால் நெறிகள் சில வேண்டும். மூலத்தைக் கொடுக்க மனமில்லாரிடம் படி எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே விடுதல் வேண்டும். ஒரு வீட்டுக் கட்டினைப் பொருள்வாரியாகப் பிரித்துச் சிதைத்தலாகாது. கொடுத்தவர், கிடைத்த இடம், நாள் ஆகியவை பதிவாதல் வேண்டும். முரண்பட்ட வம்சாவளிகள் இரண்டு கிடைப்பின் ஒன்றைத் தள்ளாது இரண்டனையும் காத்தல் கடன். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுதலும், தாளை ஈரத்தினின்றும் வெயிலினின்றும் காத்தலும் வேண்டும். மின்னுருவப் படி எடுத்தமை கொண்டு மூலத்தைக் கைவிடுதல் கூடாது. வாழ்வோர்க்கு இழிவோ வழக்கோ விளைக்கக்கூடிய செய்திகளைக் குறித்த காலம்வரை மூடிவைத்தலும் முறையாகும்.

மெக்கன்சி திரட்டியவை பாளையக்காரர்தம் வரலாற்றைத் தந்தன. சுருளிப்பட்டி போன்ற ஊர்களின் குடிகள் வரலாற்றைத் திரட்டும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ஒரு தெருவையேனும் எடுத்துக்கொண்டு, திரட்டியவற்றை அண்மையிலுள்ள நூலகத்திற் சேர்ப்பாராயின், நாளைய ஆய்வாளர்க்கு ஒப்புநோக்கச் சான்றுகள் இருக்கும். இன்றேல், எழுதிவைத்தோர் கூற்றே முடிந்த முடிபாய் நின்றுவிடும்.