எண்ணுக்கேற்ற எழுத்து

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். அவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாமல் கூடி நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுவே கணித நூலின் அச்சுப் பக்கம். அங்கே எழுத்து நிலை மாறினால் எண்ணும் நிலை மாறிவிடும். மாணவ நண்பர்களே, இவ்வுண்மையை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. என் தவற்றிலிருந்து கற்றேன்.

1987ஆம் ஆண்டு. நான் அப்போது கணித ஆசிரியன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு நான் எழுதிய வினாத்தாள் உள்ளூர் அச்சகம் ஒன்றுக்குச் சென்றது. 2இன் 10ஆம் அடுக்கை 2இன் 7ஆம் அடுக்கால் வகுக்க என்பது ஒரு வினா. விடை 8. அச்சகத்தில் சிறிய இலக்கங்கள் இல்லை. ஆகவே அச்சுக்கோப்பவர் அடுக்குகளையும் பெரிய இலக்கங்களிலேயே வரியோடு வரியாகக் கோத்துவிட்டார். வினா, 210ஐ 27ஆல் வகுக்க என்று மாறிவிட்டது. பாடத்தை நினைவிற்கொண்ட சிலர் உண்மையை ஊகித்து 8 என எழுதினர். ஒரு மாணவன் மட்டும் முறைப்படி வகுத்து, ஈவு 7, மீதி 21 என எழுதினான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். அவன் தாளைக் கொண்டுவந்து, "அச்சிட்டிருந்ததைத்தானே செய்தேன், ஐயா" என்றான். அவனுக்குரிய மதிப்பெண்ணை அன்றே வழங்கினேன். அச்சுக்கோப்பவரை நொந்து பயன் இல்லை. சரிபார்க்க வந்த புரூப்பை ஊன்றிப் படியாமல் கையெழுத்திட்டு அனுப்பியவன் நானே.

கதையோ கட்டுரையோ ஒற்றை வரியில் ஓடுவது. கணிதமோ மேலும் கீழும் வளர்வது. பின்னத்தில் ஒரு கோட்டின் மேலும் கீழும் எண்கள் நிற்கின்றன. அடுக்கு தோளில் ஏறுகின்றது. கீழொட்டு காலடியில் அமர்கின்றது. வர்க்கமூலக் குறி தன் உள்ளிருப்பதன் அளவுக்கு நீள்கின்றது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், இவற்றுக்கிடையே சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளைச் செருகி ஒவ்வொரு சமன்பாட்டையும் கட்ட வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டால்பர்ட் லான்ஸ்டன் என்னும் அமெரிக்கர் மானோடைப் இயந்திரத்தை அமைத்தார். எழுத்தைத் தனித்தனியே வார்த்துக் கோக்கும் அவ்வியந்திரத்தால் கணித அச்சு எளிதாயிற்று. 1950களில் மானோடைப் நிறுவனத்தார் ஒரு சமன்பாட்டு வரியை நான்கு மெல்லிய வரிகளாகப் பகுத்துக் கோக்கும் முறையையும் வகுத்தனர். அம்முறையில் அமைந்த பக்கங்கள் கண்ணுக்கு இனியவை. ஆயினும் தேர்ந்த தொழிலாளரும் மிகுந்த செலவும் வேண்டுபவை.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதுமா? எழுத்தின் வடிவமும் பொருந்த வேண்டும். டைம்ஸ் நியூ ரோமன் என்னும் எழுத்து 1932இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காகத் தோன்றியது. குறுகிய பத்திகளில் நிறைய சொற்களை அடக்குவது அதன் சிறப்பு. கணிதத்திலோ ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனிப் பொருளுக்குப் பெயர். ஆங்கிலச் சாய்வெழுத்தான வி, கிரேக்க எழுத்தான நியூவைப் போலத் தோன்றினால், திசைவேகமும் அதிர்வெண்ணும் ஒன்றாகக் குழம்பும். ஆகவே கணித நூலுக்கு எழுத்துத் தேர்பவர் சில வினாக்களை எழுப்ப வேண்டும். ஒன்று என்னும் இலக்கமும் எல் என்னும் எழுத்தும் வேறாகத் தெரிகின்றனவா? சுழியமும் ஓ என்னும் எழுத்தும் பிரிந்து நிற்கின்றனவா? அடுக்கின் மேல் அடுக்கு ஏறும்போதும் இலக்கம் படிக்கத் தக்கதாக உள்ளதா? கிரேக்க எழுத்துகளும் குறிகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல இசைந்து நிற்கின்றனவா?

இவ்வினாக்களால் தன் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவரது பெருநூலின் முதல் தொகுதி 1968இலும் இரண்டாம் தொகுதி 1969இலும் மானோடைப் முறையில் அழகுற வெளிவந்தன. பின்னர் ஈய அச்சு மறைந்து ஒளி அச்சு வந்தது. 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்குரிய புரூப் வந்தது. அதைக் கண்ட அவர் உள்ளம் வாடியது. பழைய அழகு அதில் இல்லை. அச்சுப் பக்கமும் முடிவில் மையுள்ள புள்ளியும் மையற்ற புள்ளியுமே. புள்ளிகளை அடுக்குவது கணினியின் வேலையன்றோ என்று அவர் எண்ணினார். எழுதிக்கொண்டிருந்த நூலை ஒருபுறம் வைத்துவிட்டு, பக்கம் கோப்பதற்கு டெக் என்னும் நிரலையும், எழுத்து வரைவதற்கு மெட்டாஃபான்ட் என்னும் நிரலையும் ஆக்கத் தொடங்கினார்.

1978 ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கிப்ஸ் சொற்பொழிவை ஆற்றியபோது, அக்கழகத்தின் இதழ்களில் அச்சின் தரம் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். மானோடைப்பின் மாடர்ன் 8ஏ என்னும் பழைய எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கம்ப்யூட்டர் மாடர்ன் என்னும் தம் எழுத்துக் குடும்பத்தைச் சமன்பாடுகளால் வரைந்தார். கோட்டின் தடிப்பு, எழுத்தின் உயரம் முதலாக 62 அளவுகளை மாற்றினால் புதிய எழுத்து வடிவம் பிறக்கும். எல்லா எழுத்தும் பணிந்தன. எஸ் என்னும் எழுத்து மட்டும் பணியவில்லை. அதனோடு பல நாள் போராடிய கணவரிடம், அதை எஸ் வடிவிலேயே செய்துவிடலாமே என்று துணைவியார் வேடிக்கையாகக் கூறினாராம். அவ்வோர் எழுத்தின் கணிதத்தை அவர் 1980இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

1981இல் புதிய பதிப்பு வெளிவந்தது. அதன் தோற்றம் அவருக்கு நிறைவு தரவில்லை. மற்றொருவராயின் சலித்திருப்பார். அவரோ ஹெர்மன் சாஃப் முதலிய எழுத்துக் கலைஞர்களை நாடி, மாணவரைப் போலக் கற்று, தம் எழுத்துகளைத் திருத்தினார். 1986இல்தான் அப்பணி ஐந்து நூல்களாக நிறைவெய்தியது. கரும்பலகையில் கணித ஆசிரியர் எழுதும் நேரிய கையெழுத்தை ஒத்த ஆய்லர் என்னும் எழுத்தைச் சாஃப் வரைந்ததும் அக்காலத்திலேதான்.

கனூத் தம் நிரல்களை விலையின்றி உலகுக்கு வழங்கினார். இன்றும் கணித ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பல டெக் வழியிலேயே அமைகின்றன. டெக் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பெண்ணில் பை என்னும் எண்ணின் ஓர் இலக்கம் கூடும். 2021இல் அது 3.141592653 ஆயிற்று. திருத்தத்துக்கு முடிவில்லை என்னும் பணிவை அவ்வெண்ணில் காண்கின்றேன்.

மாணவ நண்பர்களே! இன்று உங்கள் மேசைக் கணினியிலேயே எழுத்து வடிவங்கள் குவிந்து கிடக்கின்றன. அழகு கண்டு மயங்காதீர்கள். ஒரு சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். அதைப் பாடம் அறியாத ஒருவனிடம் காட்டுங்கள். நீங்கள் எண்ணியதையே அவன் படித்தால் அவ்வெழுத்து நல்லெழுத்து. அன்று என் முன் தாளேந்தி நின்ற அம்மாணவன் தவறாக எதுவும் செய்யவில்லை. அச்சிட்ட பக்கத்தை அவன் நம்பினான். அந்த நம்பிக்கையைக் காப்பதே எழுதுவோர், அச்சிடுவோர், கற்பிப்போர் அனைவர்க்கும் உரிய கடமை.