ஓரிரு இடங்களில்: மார்கழிப் பனியும் விவசாயிக்கான வானிலை அறிக்கையும்

பொள்ளாச்சியிலிருந்து இன்னொரு எபிசோட்.

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்னு சொல்றாங்களே, அந்த ஓரிரு இடத்துல என் களம் இருக்கா இல்லையா? அதைச் சொல்லு தம்பி." மார்கழி பிறந்தா எங்க ஊர்ல யாராவது ஒருத்தர் என்கிட்ட இதைக் கேட்டுடுவாங்க. கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற பையனுக்கு வானிலையும் தெரிஞ்சிருக்கும்னு ஒரு நம்பிக்கை. நான் எழுதுற கோடுக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே இல்லைங்கன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. சரி, இந்த 'ஓரிரு இடங்களில்' எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்னு உட்கார்ந்ததுதான் இன்னைக்கு எபிசோட்.

வெளியூர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியோட கனம் புரியணும்னா களத்தைப் பற்றிச் சொல்லணும். உடைத்த தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். அதை 6 சதவீதம் வரைக்கும் காய வைத்தால்தான் நல்ல கொப்பரை. நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் காலையில் பனி, ஒன்பது மணி வரைக்கும் வெயில் ஏறாது. நடுவில் ஒரு மழை விழுந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், விலை இறங்கிவிடும். தார்ப்பாய் போட்டு மூடலாம். மூடினால் உள்ளே வேர்க்கும். அதனால "நாளைக்கு மழை உண்டா"ங்கிறது இங்க பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லைங்க. இன்னைக்கு எத்தனை ஆயிரம் காய் உடைக்கிறது, எத்தனை ஆளுக்குச் சொல்லி விடுறதுங்கிற கணக்கு அதுக்குள்ள இருக்கு. இதே மாதங்களில்தான் மாமரமும் பூவெடுக்கும். அந்த நேரத்தில் மூடாக்கும் ஈரமும் சேர்ந்தால் சாம்பல் நோய் வரும், பூ கொட்டும்.

இப்ப வரலாறு. வானிலைத் துறை வருவதற்கு முன்னாடியே மார்கழியில் வானத்தைப் பார்க்கிற பழக்கம் நம்மகிட்ட இருந்தது. கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கிற பதினாலு நாளும் மேகம் எப்படி ஓடுது, காற்று எந்தப் பக்கம், தூறல் உண்டா என்று பார்ப்பார்கள். அந்த மேகம் கருத்தரிக்கிறது, அடுத்த வருஷம் மழையாகப் பெறும் என்பது நம்பிக்கை. எந்த நாள் எந்த மாதத்துக்கு என்கிற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். எங்க அப்புச்சி சுவத்துக் காலண்டர்ல பென்சில்ல புள்ளி வைப்பார்.

இது வெறும் கிராமத்துப் பேச்சு என்று நினைத்திருந்தேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மேகத்தின் கர்ப்பத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கருத்தரித்து 195 நாள் கழித்து மழை என்கிறார். அங்கே நிலாவை வைத்துக் கணக்கு, நம்ம ஊரில் சூரியனை வைத்து. ஆனால் நட்சத்திரம் அதே பூராடம்! டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து 195 நாள் எண்ணிப் பாருங்கள், ஜூலை நடுவில் வந்து நிற்கும். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற நேரம்.

இதை நான் நம்புறேனான்னு கேட்டா, இல்லைங்க. ஒரு ஊர் வானத்துல பதினாலு நாள் ஓடுற மேகத்தை வச்சு ஒரு வருஷ மழையைச் சொல்ல முடியும்னு எனக்குத் தோணலை. ஆனா, குளிர்காலத்துல அடுத்த மழைக்கான துப்பு ஏதாவது கிடைக்குமாங்கிற அந்தத் தேடல் இருக்கு பாருங்க, அதையேதான் வெள்ளைக்காரனும் தேடினான்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1875-ல், இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் அவரைக் கேட்டது. அவர் இமயமலையைப் பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே பனி அதிகமாக விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று 1884-ல் எழுதினார். 1886-லிருந்து வருஷா வருஷம் பருவமழை முன்னறிவிப்பு வர ஆரம்பித்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-ல் நல்ல மழை என்று சொன்னார். அந்த வருஷம் கொடும் வறட்சி. அந்தத் தோல்வியின் நிழலில்தான் அடுத்த தலைவர் கில்பர்ட் வாக்கர் உலகம் முழுக்க காற்றழுத்த எண்களை அலசினார். இன்றைக்கு எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படும் 'தெற்கத்திய அலைவு' அந்த அலசலில்தான் கிடைத்தது. அதுக்குத் தனி எபிசோடே போடலாம், இப்ப விட்டுடறேன்.

இதெல்லாம் நாடு முழுவதற்குமான கணக்கு. தனி விவசாயி, தனி வயல் என்று வானிலையைக் கீழே இறக்கிய ஆளைத்தான் சொல்லணும். நம்ம பக்கத்து ஊர்க்காரர். லட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ணன் ராமதாஸ், சுருக்கமாக எல்.ஏ. ராமதாஸ். 1900-ல் பாலக்காட்டில் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மார்கழியில் நம்மைத் தாண்டிக் கணவாய்க்குள் நுழைகிற கிழக்குக் காற்று அடிக்கிற ஊர்.

கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1926-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்த நேரத்தில்தான் விவசாயத்துக்கான ராயல் கமிஷன் உட்கார்ந்தது. 1928-ல் வந்த அதன் அறிக்கைக்குப் பிறகு, 1932-ல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. பொறுப்பு ராமதாசுக்கு.

அதே 1932-ல் ராமதாசும் ஆத்மநாதனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம் ரொம்ப எளிமை: மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தரையை ஒட்டி எந்த உயரத்தில் குளிர் அதிகம்? பாடப் புத்தகம் என்ன சொல்லும்? தரைதான் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கிறது, அதனால் தரையில்தான் குளிர் அதிகம், மேலே போகப் போகக் குறையும். இவர்கள் வெறும் மண் தரையில், வெவ்வேறு உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். கடும் குளிர் தரையில் இல்லை. அதற்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தரையைவிடச் சில டிகிரி குறைவு.

யாரும் நம்பவில்லை. கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்றால் காற்று புரண்டு கலந்துவிடாதா, தெர்மாமீட்டரில்தான் கோளாறு என்றார்கள். நான் இதைப் படிச்சப்ப எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. லாகில் தெளிவா ஒரு எண் இருக்கும், "அப்படி வர வாய்ப்பே இல்லை"ன்னு மீட்டிங்ல அடிச்சுச் சொல்லுவாங்க. 1957-ல் ராஷ்கே என்கிற ஜெர்மானிய ஆய்வாளர் பூனாவிலேயே கவனமாக அளந்து பார்த்து ராமதாஸ் சொன்னதை உறுதி செய்தார். ஏன் அப்படி நடக்கிறது என்று ஒரு கோட்பாட்டு விளக்கம் வர 1993 ஆனது. பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் அவருடைய சகாக்களும் தந்தது. காற்றில் மிதக்கிற நுண்துகள்களுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று அதற்குப் பிறகும் பெங்களூரில் சோதனைகள் நடந்திருக்கின்றன. இன்றைக்கு அதற்குப் பெயரே 'ராமதாஸ் அடுக்கு'. அவர் 1979-ல் காலமாகிவிட்டார். அந்த விளக்கத்தை அவர் பார்க்கவில்லை.

இதுல விவசாயிக்கு என்னங்க இருக்கு? நாற்று நிற்கிற உயரமே அதுதான். ஊட்டியில் உறைபனி விழுகிற மாதங்களில் தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடிக்கு எந்த உயரத்தில் அடி விழுகிறது என்பது அங்கே வாழ்வா சாவா. பொள்ளாச்சியில் உறைபனி கிடையாது. ஆனால் காற்று நின்ற ராத்திரிக்கும் கணவாய்க் காற்று வீசுகிற ராத்திரிக்கும் வித்தியாசம் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். காற்று அடிச்சா பனி இறங்காது, களம் காலையில் சீக்கிரம் காயும். ராமதாஸ் அடுக்கும் காற்று நின்ற ராத்திரியில்தான் உருவாகும்.

1945-ல் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை அகில இந்திய வானொலியில் வர ஆரம்பித்தது. நம்ம 'ஓரிரு இடங்களில்' வாழ்கிறது இந்த மாதிரி அறிக்கைகளில்தான். கேட்டவங்க குறிச்சுக்கோங்க, இது பொத்தாம் பொதுவான பேச்சு இல்லை, அளவு உண்டு. ஒரு வானிலைப் பகுதியில் இருக்கிற மழை அளவு நிலையங்களில் 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவானால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை 'ஒருசில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'அநேக இடங்களில்'. அதற்கு மேல் போனால் 'பெரும்பாலான இடங்களில்'. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்த்து ஒரே வானிலைப் பகுதி. மாநிலம் முழுக்க 'ஓரிரு இடங்களில்'னு வந்துச்சுன்னா, அது கன்னியாகுமரியாவும் இருக்கலாம், கும்மிடிப்பூண்டியாவும் இருக்கலாம். ஆனைமலைக் களத்துக்காரருக்கு அதுல ஒண்ணும் இல்லை. இங்கே மலையடிவாரத்தில் ஆனைமலைக்கும், சமவெளியில் நெகமத்துக்கும் மழை அளவே வேறு.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அடுத்த நாற்பது வருஷம் போனது. 1988-ல் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் அமைந்தது. அதற்குக் கேட்ட பெரிய க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தரவில்லை, சின்னதைத்தான் கொடுத்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் சி-டாக், பரம் கம்ப்யூட்டர் எல்லாம். எங்க இண்டஸ்ட்ரி ஆளுங்க பெருமையா சொல்லிக்கிற கதை, ஆரம்பம் என்னமோ மழை மேகம்தான்! 1991-லிருந்து வேளாண் மண்டல வாரியாக விவசாயிகளுக்கு ஆலோசனை வர ஆரம்பித்தது. நமக்கு அந்த வேலையைச் செய்வது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம். செவ்வாய், வெள்ளி என வாரத்துக்கு ரெண்டு அறிக்கை, அடுத்த ஐந்து நாளுக்கு. மழை எத்தனை மில்லிமீட்டர், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், மேகம் எட்டில் எத்தனை பங்கு என்று இருக்கும். மேகதூத் செயலியிலும் வரும். களத்துக்காரங்க மழை எண்ணை மட்டும் பார்த்துட்டு மூடிடறாங்க. மார்கழிக்கு நான் சொல்றது, காலை ஈரப்பதமும் காற்றின் வேகமும் பாருங்க. மழையே இல்லாட்டியும் அந்த ரெண்டும் பருப்பு காயுமா வேர்க்குமான்னு சொல்லிடும்.

2018-லிருந்து இதை மாவட்ட அளவுக்குக் கொண்டு போக வேளாண் அறிவியல் நிலையங்களில் அலகுகள் அமைத்தார்கள். நாடு முழுக்க 199. 2024-ல் அத்தனையும் மூடப்பட்டன. தரவு எல்லாம் தானாக வருதே, உள்ளூரில் ஆள் எதற்கு என்பது ஒரு வாதம். ஆட்டோமேஷன்தான் என் பொழப்பு, ஆனாலும் எனக்கு இது சரின்னு படலை. மாடல் மழை எண்ணைக் கொடுக்கும். "ரெண்டு நாள் காய் உடைக்காதீங்க"ன்னு களத்துக்காரருக்குப் புரியும்படி சொல்ல, கொப்பரைன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். கோவையில் பல்கலைக்கழகம் இருப்பதால் நமக்கு அறிக்கை நிற்கவில்லை. அந்த மாதிரி ஒரு நிறுவனம் பக்கத்தில் இல்லாத மாவட்டங்களை நினைச்சுப் பாருங்க.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கும். பொங்கல் சமயத்தில் அடித்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்தது. தை மழை நெய் மழைன்னு சொல்வாங்க, அந்த வருஷம் அப்படி இல்லை.

அடுத்த எபிசோட் பி.ஏ.பி. பாசனம், நாலு மண்டலம், யாருக்கு எந்த வருஷம் தண்ணீர்ங்கிற தகராறு. உங்க ஊர்ல கர்ப்போட்டம் பார்க்கிற பெரியவங்க யாராவது இருந்தா, எந்த நாளை எந்த மாதத்துக்கு எண்ணுறாங்கன்னு கேட்டு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க. ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. வரேங்க.