அஞ்சறைப்பெட்டியும் வடகமும்: பழவேற்காட்டு அடுப்படியில் ஓர் ஒப்பாய்வு

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டுக் குப்பங்களில் கல் உப்பு ஜாடி கசியத் தொடங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும். கல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்க ஆரம்பித்துவிடும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே உவர்நீர் ஏரி, நடுவே ஒரு மணல்மேடு. அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்களின் அடுப்படிக்கு இரண்டு பக்கமும் ஈரம்தான். மிளகாய்த்தூளையும் இந்த ஈரம் விடுவதில்லை. முதலில் கட்டி தட்டும், பிறகு நிறம் மங்கும், கவனிக்காமல் விட்டால் பூசணம் பூக்கும். சமையலறையை ஒழுங்கு செய்யச் சொல்லித் தருகிறவர்கள் வரிசையாகக் கண்ணாடி பாட்டில் வாங்கச் சொல்கிறார்கள், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டச் சொல்கிறார்கள். ஏரிக்கரைப் பெண்களிடம் அதைவிடத் தெளிந்த வழி உண்டு என்பது என் எண்ணம். அதைக் காட்ட இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று அஞ்சறைப்பெட்டி. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூடி. அந்தக் காலத்து மரப்பெட்டி போய் இப்போது எவர்சில்வர் வட்டப்பெட்டி வந்திருக்கிறது. பெயர்ச்சீட்டே தேவைப்படாத ஒழுங்கு இது. எந்தக் கிண்ணம் காலியாகிறது என்று மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளைக்கு மேல் எதுவும் அதில் தங்காது, அதனால் பழசாகி மணம் போக வழியில்லை. ஆனால் சீரகம் ஒரு சிட்டிகை வேண்டுமென்றாலும் எல்லாக் கிண்ணமும் சேர்ந்து திறக்கும். கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தால் ஆவி முழுக்க மஞ்சள்தூளில் இறங்கும். கை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், மீன் கழுவின கை எப்போதும் ஈரம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி எடுத்துப் போடத்தான், சேமித்து வைக்க அல்ல. அதை நிரப்புவதற்குப் பின்னால் ஒரு கையிருப்பு இருந்தே தீரும், அடுப்படியில் அடைசல் சேருகிற இடமும் அதுதான்.

மற்றொன்று வடகம். சென்னை, திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் தாளிப்பு வடகம் என்றும் சொல்வார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் போடுவது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக நசுக்கி, கடுகு, சீரகம், வெந்தயம், உடைத்த உளுந்து, கறிவேப்பிலை, மஞ்சள், கல் உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி ஊறவைப்பார்கள். மறுநாள் பாயில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைப்பார்கள். சாயந்திரம் திரும்பவும் பானைக்குள் வாரிப் போட்டு, அதில் இறங்கியிருக்கிற சாற்றிலேயே பிசைந்து மூடிவைப்பார்கள். இப்படிச் சில நாள் போனபின் விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, கல்மாதிரி ஆகும்வரை காயவிட வேண்டும். கடைசியில் கறுத்த, மணமான உருண்டைகள், வருஷம் முழுக்கக் கெடாதவை. வெங்காயத்தின் ஈரம் வெயிலில் போய்விடுகிறது, மிச்சத்தை உப்பு கட்டிப்போடுகிறது. விளக்கெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத எண்ணெய். வண்டு வராமலிருக்கப் பருப்பில் தடவி வைப்பதும் அதைத்தானே.

மீன் குழம்புக்குத் தாளிக்கும்போது நல்லெண்ணெய் காய்ந்ததும் கால் உருண்டையை உதிர்த்துப் போட்டால் போதும். கடுகு வெடிக்கும், வெந்தயம் சிவக்கும், காய்ந்த வெங்காயம் நொடியில் கருகப் பார்க்கும், அதற்குள் புளித்தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். தாளிப்புச் சாமான் ஆறேழையும் ஒரே கை அசைவில் போட்டாயிற்று. வடகத்தோடு சேர்ந்து நிற்பது குழம்பு மிளகாய்த்தூள். மிளகாய், தனியா, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் காயவைத்து மிஷினில் கொடுத்து மொத்தமாக அரைப்பது. இந்த இரண்டும் புளியும் உப்பும் இருந்துவிட்டால் மடவைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் குழம்பு தயார்.

அஞ்சறைப்பெட்டி சாமானைப் பிரித்து வைக்கிறது, வடகம் சேர்த்து வைக்கிறது. ஏரிக்காற்றில் சேர்த்து வைப்பதுதான் ஜெயிக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். உருண்டைக்கு வெளிப்பரப்பு குறைவு, உள்ளே அடர்த்தி. மேலே ஈரம் பட்டாலும் நடுவில் மணம் பத்திரமாக இருக்கும். தூளாக இருப்பது துகள் துகளாகக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வடகப் பானையை உறியில் தொங்கவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போல ஒன்று வந்து தண்ணீர் வீட்டுக்குள் ஏறும்போது அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற பாட்டில்களைத் தூக்க நேரமிருக்காது, உறி இருந்த இடத்திலேயே இருக்கும். வடகத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

“யக்கா, ஒரு உருண்ட வடகம் இருந்தா குடேன். மடவ கொண்டாந்திருக்காரு.”

“உறியில கீது, எடுத்துக்கோம்மா.”

அஞ்சறைப்பெட்டியை அப்படிக் கைமாற்றாகக் கொடுக்க முடியாது.

ஆனால் சேர்த்துவிட்டால் பிரிக்க முடியாது, அதையும் மறைக்கக் கூடாது. ரசத்துக்குச் சீரகம் மட்டும், பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் வெந்தயம் மட்டும் வேண்டுமென்றால் வடகம் கைகொடுக்காது. ஒரு பிடி சொத்தைக் கடுகு கலந்துவிட்டால் பானை முழுக்கப் பாழ். கோட்டைக்குப்பம், ஜமீலாபாத் முஸ்லிம் வீடுகளுக்கு வடகம் மட்டும் போதவே போதாது. பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தனித்தனியாக, முழுசாக வேண்டும். முழுசாக இருக்கும்வரை எண்ணெய்ச்சத்து உள்ளே அடைந்திருக்கும், பொடித்த அன்றே பறக்க ஆரம்பிக்கும். அங்கே பிரித்து வைப்பதுதான் சரி. அந்த வீட்டுப் பெண்கள் பின்னுகிற பனையோலைப் பெட்டி பூண்டுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அருமையானது, ஓலை மூச்சுவிடும். அதே காரணத்தால் தூளுக்கு ஆகாது. கிராம்புக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இந்தக் கரையின் துணிக்காக. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்கே தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை இந்த ஊர் அந்த வியாபாரத்தின் நடுவில் இருந்தது. குப்பத்து மீன் குழம்போ இன்றுவரை கிராம்பையும் ஜாதிக்காயையும் கேட்பதில்லை.

இன்றைய அடைசல் வேறு வழியில் வருகிறது. ஏரியில் பாடு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களில் வலை விடும் உரிமை குடும்பத்துக்குக் குடும்பம் முறைவைத்து வரும். முறை வந்த நாளில் கையில் காசு, மற்ற நாளில் இழுபறி. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அப்போது கால் கிலோ மிளகாய் வாங்க முடியாது, ஐந்து ரூபாய் பாக்கெட்தான். மீன் மசாலா ஒன்று, சிக்கன் மசாலா ஒன்று, பாதி தீர்ந்த தனியாத்தூள் இரண்டு, எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஜன்னல் ஓரத்தில் நிற்கும். வெளிச்சம் பட்டு மிளகாயின் சிவப்பு வெளுக்கும், கட்டு தளர்ந்த வாயில் ஈரம் ஏறும். இது ஒழுங்கில்லாத பெண்களின் குற்றமே அல்ல, அன்றாடம் காய்ச்சும் வருமானம் அடுப்படியில் விட்டுப்போகிற அடையாளம். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து மிளகாய் வரத்து மலிவாக இருக்கும் மாசி, பங்குனியில் மொத்தமாக வாங்கி மிஷினில் அரைத்துப் பங்கிட்டுக்கொண்டால் பாக்கெட் செலவில் பெரும்பகுதி குறையும்.

என் யோசனை இது. கையிருப்புக்கு வடகமும் குழம்புத்தூளும் இருக்கட்டும், அன்றாடத்துக்கு அஞ்சறைப்பெட்டி, அதிலும் பாதிக் கிண்ணம் அளவுக்கு மேல் வேண்டாம், அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி. சித்திரை பிறக்கும் முன் மிச்சம் மீதியை எல்லாம் முறத்தில் கொட்டிப் பாருங்கள். சொத்தையில்லாத முழுக் கடுகு, சீரகம், வெந்தயம் இந்த வருஷ வடகத்துக்குப் போகட்டும். தூளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, மணம் வராததைக் கழித்துவிடுங்கள். தனியாவில் வண்டு துளைத்த பொடி தெரிந்தால் அதோடு ஒட்டி வைத்திருந்த மற்றதையும் பிரித்துப் பாருங்கள், அந்த வண்டு மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் தாவும். பூசண வாடை அடிக்கிற மிளகாய்த்தூளை மட்டும் வெயிலில் வைத்து மீட்கப் பார்க்காதீர்கள். பூசணம் விட்டுச்செல்லக்கூடிய அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயிலில் முழுதாகப் போகாது, குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது.